பழைய டைவிங் வாட்சும் அதன் நகல்களும்: ஒரிஜினலா, பாகங்கள் தேறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களில் தொடங்கி 1980கள் வரை வந்த டைவிங் வாட்சுகளையும், அவற்றைப் பார்த்துச் செய்த நகல்களையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பழைய வாட்ச் ஒன்றை வாங்கும் முன் சோதிக்க நினைப்பவருக்கும், நகல்தான் என்று தெரிந்தே வாங்கி அதன் தரத்தை அறிய விரும்புபவருக்கும் பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரெப்ளிகா, ஹோமாஜ், ஃப்ராங்கன் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இன்னொரு கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் போட்டுக்கொண்டு வருவது ரெப்ளிகா. பச்சையாகச் சொன்னால் போலி. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு டயலில் தன் சொந்தப் பெயரைப் போடுவது ஹோமாஜ். ஃப்ராங்கன் என்பது வேறு வகை: அதில் ஒவ்வொரு பாகமும் ஒரிஜினலாகவே இருக்கலாம், ஆனால் அவை ஒரே வாட்சில் பிறந்தவையாக இருக்காது. 1965 கேஸ் (வெளிக்கூடு), 1972 மெஷின் (உள்ளே ஓடும் இயந்திரம்), 1990களில் சர்வீஸுக்கு வந்த டயல் என்று மூன்று இடத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கும்.

இவை மூன்றும் கலந்ததுதான் சந்தையில் ஆளைக் கவிழ்ப்பது. உள்ளே ஒரிஜினல் மெஷின், வெளியே நகல் கேஸ், நடுவில் மறு அச்சு டயல். பின்மூடியைத் திறந்து காட்டினால் மெஷின் அசல், வாங்குபவரும் திருப்தியாகப் போய்விடுவார். அதனால் "இந்த வாட்ச் ஒரிஜினலா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். டயல் யாருடையது, முள் யாருடையது, கேஸ் எப்போது செய்தது, மெஷின் இந்தக் கேஸுக்கு உரியதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

டைவிங் வாட்சுகளை மட்டும் ஏன் இவ்வளவு நகல் எடுக்கிறார்கள்?

பிளாங்பான் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் ரோலெக்ஸ் சப்மரைனரும் பிறந்த ஆண்டு 1953. ஒமேகா சீமாஸ்டர் 300 வந்தது 1957இல், சீகோவின் முதல் டைவர் 1965இல், டோக்ஸா சப் 300 1967இல். எல்லாமே வேலைக்கான கருவிகள். ஸ்டீல் கேஸ், கறுப்பு டயல், பெரிய வட்டப் புள்ளிகள், சுற்றும் பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), அவ்வளவுதான். கல் பதிப்பதும் இல்லை, கையால் செதுக்கும் வேலைப்பாடும் இல்லை. நகல் எடுப்பவனுக்கு இதைவிட வசதி கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. இவை கடலில் அடிபட்டு, உப்புத் தண்ணீரில் ஊறி, பாகம் பாகமாக மாற்றப்பட்டவை. எனவே ஒரு பாகம் பொருந்தாமல் இருந்தால் "சர்வீஸில் மாற்றியிருப்பார்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எப்போதும் வழி இருக்கிறது.

ஒரே ஒரு பாகத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

டயல். பழைய டைவரின் மதிப்பில் பெரும் பங்கு டயலில்தான் இருக்கிறது, போலிக்காரனின் உழைப்பும் அங்கேதான் போகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு சிறிய விளக்கு, இரண்டும் போதும்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த சப்மரைனர்களில் பளபளக்கும் கறுப்பு டயலும் பொன்னிற எழுத்துகளும் இருக்கும். கில்ட் டயல் என்பார்கள். இதில் எழுத்தைப் பொன்னிற மையால் அச்சடிக்கவில்லை. பித்தளைத் தகட்டில் எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கறுப்பாக்கினார்கள். நாம் பார்க்கும் பொன்னிறம் அடியில் இருக்கும் உலோகத்தின் நிறம். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தால் எழுத்து கறுப்புப் பரப்பைவிட ஒரு மயிரிழை பள்ளத்தில் கிடக்கும், வாட்சைத் திருப்பத் திருப்ப மின்னும். நகலில் பெரும்பாலும் கறுப்பின் மேல் பொன்னிற மையை ஒற்றியிருப்பார்கள். எழுத்து புடைத்து நிற்கும், ஓரத்தில் மை பிசிறியிருக்கும், எந்தக் கோணத்திலும் ஒரே மங்கலாக இருக்கும். இதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிறகு லென்ஸ் இல்லாமலே சந்தேகம் வரத் தொடங்கிவிடும்.

அதற்குப் பின் வந்த மேட் (பளபளப்பில்லாத) டயல்களில் கதை தலைகீழ். அங்கே வெள்ளை எழுத்து மேலேதான் அச்சாகியிருக்கும், எனவே புடைத்துத்தான் தெரிய வேண்டும். அசலில் மை கெட்டியாக, ஒரே சீராக, ஓரம் வெட்டியதுபோல் இருக்கும். மலிவு நகலில் எழுத்தின் நடுவில் மை மெலிந்து அடிக்கறுப்பு எட்டிப் பார்க்கும்.

அப்புறம் வாசகங்கள். சப்மரைனரின் 5513 மாடலில் ஆழத்தைக் குறிக்கும் வரியில் ஏறக்குறைய 1969 வரை மீட்டர் முதலில் வரும், அதற்குப் பின் அடி முதலில் வரும். கேஸ் எண் 1960களின் நடுப்பகுதியைக் காட்ட, டயலில் அடி முதலில் இருந்தால் டயல் பின்னால் வந்தது என்று அர்த்தம். போலி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் "பிறந்தபடியே இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ரேடியம், டிரிட்டியம், லூமினோவா: இருட்டில் ஒளிர்வதை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். 1960களின் தொடக்கம் வரை ரேடியம் பூசினார்கள். அதன் பின் 1990களின் கடைசிவரை டிரிட்டியம். அதற்குப் பிறகு கதிர்வீச்சே இல்லாத லூமினோவா வகைகள். சுவிஸ் டிரிட்டியம் டயல்களில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் "டி ஸ்விஸ் டி" அல்லது "ஸ்விஸ் டி<25" என்று இருக்கும்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதோடு, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடும் தேய்ந்துபோயிருக்கும். ஆகவே 1970 வாக்கில் பூசிய லூம் (ஒளிரும் பூச்சு) இருட்டில் தானாக ஒளிராது. புற ஊதா டார்ச் அடித்தால் லேசாக ஒளிர்ந்து, டார்ச்சை அணைத்ததும் சில நொடிகளில் செத்துவிடும். ரேடியம் டயல்கள் அதுகூடச் செய்யாமல் பல நேரம் சும்மா கிடக்கும். டயலில் "டி ஸ்விஸ் டி" என்று போட்டிருக்கிறது, ஆனால் விளக்கை அணைத்து அரைமணி கழித்தும் பச்சையாகப் பளபளக்கிறது என்றால் ஒன்று லூமைப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள், அல்லது டயலே புதியது.

எதிர்த் தவறும் நடக்கும். ஒளிரவில்லை என்பது மட்டுமே பழமைக்குச் சான்றில்லை. ஒளிரவே ஒளிராத வெறும் பெயின்ட்டைப் பழுப்பு நிறத்தில் கலந்து பூசுவது சர்வசாதாரணம். டார்ச் அடித்தும் ஒரு சிறு ஒளிகூட இல்லை, ஆனால் டயல் டிரிட்டியம் என்கிறது என்றால் அதுவும் கேள்விக்குரியதே.

செயற்கையாகப் பழுப்பேற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான பழுப்பு சீராக இருக்காது. ஒரு புள்ளி வெளிர் மஞ்சள், பக்கத்துப் புள்ளி கொஞ்சம் தேன் நிறம், ஓரத்தில் ஈரம் தொட்ட இடத்தில் கருமை என்று இருக்கும். லென்ஸில் பார்த்தால் பரப்பு சொரசொரப்பாக, பொடி கெட்டித்ததுபோல் தெரியும். சாயம் ஏற்றிய நகலில் பன்னிரண்டு புள்ளியும் ஒரே கிரீம் நிறத்தில் வழவழவென்று உட்கார்ந்திருக்கும். தேயிலை, காப்பித் தண்ணீரில் நிறம் ஏற்றியிருந்தால் லூமைச் சுற்றியுள்ள டயலிலும் ஒரு மங்கல் வளையம் கசிந்திருக்கும்.

லூம் மட்டும் ஐம்பது வயது கிழவனாக, அதன் மேலிருக்கும் முள்ளும் கீழிருக்கும் கறுப்பும் நேற்று வந்ததுபோல் இருந்தால் கணக்கு உதைக்கிறது.

முட்களில் என்ன பார்ப்பது?

முள்ளின் லூமும் டயலின் லூமும் அச்சாக ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே தலைமுறையாக இருக்க வேண்டும். டார்ச் அடித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி அணைய வேண்டும். முள் மட்டும் நீண்ட நேரம் ஒளிர்ந்தால் அது மாற்று முள்.

நகல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. முள்ளின் துளை மெஷினுக்கு மெஷின் வேறுபடும். ஈடிஏ 2824 என்ற சுவிஸ் மெஷினுக்கு மணி, நிமிட, விநாடி முட்களின் துளை 1.50, 0.90, 0.25 மில்லிமீட்டர். சீகோவின் என்ஹெச்35 மெஷினுக்கு முதல் இரண்டும் அதேதான், விநாடி முள் மட்டும் 0.20. இந்த வேறுபாட்டைச் சமாளிக்க முள்ளின் கழுத்தை நசுக்கியோ துளையைப் பெரிதாக்கியோ ஏற்றியிருப்பார்கள். விநாடி முள் ஆடினால், நடுவில் சாய்ந்திருந்தால், குலுக்கினால் இடம் மாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெசலைச் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே?

சில மாடல்களில் ஆமாம். 5513இன் பெசலில் கிளிக் கிடையாது. இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு, இறுக்கத்தில் மட்டும் நிற்கும். 120 கிளிக்கோடு ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் அது நவீன அமைப்பு. படத்தில் தெரியாது, கையில் எடுத்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

எண்கள் போட்ட வளையத்தை இன்செர்ட் என்பார்கள். அந்தக் காலத்து இன்செர்ட் நிறமேற்றிய அலுமினியம். வெயிலிலும் உப்பிலும் கறுப்பு சாம்பலாக, சில நேரம் நீலமாக வெளுக்கும். எண்களில் தெரிவது அலுமினியத்தின் வெள்ளி நிறம், மலிவு நகலிலோ வெள்ளை பெயின்ட். வெளுப்பைப் பிளீச்சில் முக்கிச் செய்கிறார்கள். அப்படிச் செய்தது ஓரம் முதல் நடு வரை ஒரே அளவு வெளுத்திருக்கும், ஆனால் கீறல் மட்டும் இருக்காது. ஐம்பது வருடம் வெயில் பட்ட வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லையா?

ஃபிஃப்டி ஃபேதம்ஸிலும் ஆரம்பகால டைவர்கள் சிலவற்றிலும் பெசலின் மேல் பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) இருந்தது. அது எளிதில் விரிசல் விடும். விரிசலே இல்லாத பேக்கலைட் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள், பிறகு சந்தோஷப்படலாம்.

கண்ணாடி பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. போலியா?

பழைய டைவருக்கு அதுதான் சரி. அக்ரிலிக் கண்ணாடி அந்தக் காலத்து வழக்கம், சப்மரைனரில் சஃபையர் (எளிதில் கீறாத கண்ணாடி) வந்ததே 1970களின் முடிவில்தான். விரல் நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை, தொட்டால் குளிர்ச்சி இருக்காது, ஓரத்தில் பார்த்தால் எண்கள் வளையும். கீறல் விழுந்தால் பாலிஷ் பேஸ்ட்டால் தேய்த்து எடுத்துவிடலாம். அக்ரிலிக் எளிதில் மாற்றக்கூடிய பாகம், எனவே ஒரிஜினல்தன்மையைப் பற்றி அது அதிகம் சொல்லாது. தேதி உள்ள ரோலெக்ஸ் மாடல்களில் மட்டும் தேதியின் மேலுள்ள பூதக்கண்ணாடியின் பெருக்கத்தைக் கவனியுங்கள். தேதி சன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு இரண்டரை மடங்கு தெரிய வேண்டும், மலிவு நகலில் பாதிகூட வராது.

கேஸில் எண் இருக்கிறது, அது போதாதா?

போதாது. எண்ணைப் பொறிக்க யாராலும் முடியும். பழைய ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றினால் பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும் ஆறு மணிப் பக்கம் தொடர் எண்ணும் இருக்கும். அசலில் கோடுகள் ஆழமாக, சுத்தமாக, வெளிச்சம் பட்டால் உள்விளிம்பு மின்னும்படி வெட்டியிருக்கும். அமிலத்தாலோ மலிவு லேசராலோ போட்டதில் கோட்டின் அடி மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் கம்பெனி பெயர் வரிசையாகப் பொறித்திருந்தால் அது 2000களின் வழக்கம். 1970 வாட்சில் அதற்கு வேலையில்லை. பின்மூடி கண்ணாடியாக இருந்தால் இன்னும் வசதி, அந்தக் காலத்து சப்மரைனருக்கு அப்படி ஒன்று கிடையாது.

கேஸின் வடிவத்தில் பாருங்கள்: பட்டை மாட்டும் கொம்புகள் நான்கும் ஒரே பருமனா? பின் துளை கொம்பின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? ஒரிஜினல் கேஸை அடிக்கடி பாலிஷ் போட்டிருந்தால் கொம்புகள் மெலிந்து, துளை ஓரத்தை நெருங்கி, சரிவு விளிம்புகள் கரைந்து போயிருக்கும். நகல் கேஸ் இதற்கு நேர்மாறாகப் பருத்து, கூர்மையாக, "பாலிஷே போடாதது" என்ற விளம்பரத்தோடு வரும்.

பின்மூடியைத் திறக்காமல் மெஷினைப் பற்றி எதையாவது சொல்ல முடியுமா?

நிறையச் சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகள் இவை, ஏனென்றால் கருவி எதுவும் வேண்டாம்.

1960களின் கடைசியில் வந்த சப்மரைனரின் 1680 மாடலைத் தேதியோடு காட்டுகிறார்கள் என்று வையுங்கள். கீயை (கேஸின் பக்கவாட்டில் இருக்கும் திருகுப்பிடியை) ஒரு நிலை வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். தேதி தனியாக மாறினால் உள்ளே இருப்பது அந்த வாட்சுக்குரிய 1575 மெஷின் இல்லை. அந்த மெஷினில் தேதியைத் தனியாக மாற்றும் வசதியே கிடையாது, முட்களைச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். நள்ளிரவில் தேதி டக்கென்று குதித்து மாறும். ஈடிஏ 2824 போன்றவற்றில் மெல்ல மெல்ல நகர்ந்து போகும்.

அடுத்து, துடிப்பு. 1575 ஒரு மணி நேரத்துக்கு 19,800 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்தரை. ஈடிஏ 2824 28,800, நொடிக்கு எட்டு. சீகோ என்ஹெச்35, மியோட்டா 8215 என்ற ஜப்பான் மெஷின்கள் இரண்டும் 21,600, நொடிக்கு ஆறு. ஆறுக்கும் ஐந்தரைக்கும் காது ஏமாறலாம், எட்டுக்கு ஏமாறாது. போனில் டைமிங் செயலி போட்டு அமைதியான இடத்தில் வைத்தால் எண்ணே வந்துவிடும்.

தேதியே இல்லாத 5513 நகலில் என்ஹெச்35 போட்டிருந்தால், கீயை இழுக்கும்போது நடுவில் ஒரு வெற்று நிலை தட்டுப்படும். தேதியை மாற்றுவதற்கான நிலை அது, மாற்றத் தேதி இருக்காது.

திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

திறப்பதை முறையான கருவி உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். கத்தியால் நெம்பினால் கேஸும் போகும், வாஷரும் போகும்.

உள்ளே முதலில் பின்மூடியின் உட்புறம். அதில் மாடல் எண் இருக்கும், பழைய ரோலெக்ஸில் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும் சிறு முத்திரையும் பல நேரம் இருக்கும். வெளியில் உள்ள எண்ணோடு அது உறவாடுகிறதா பாருங்கள். ரோலெக்ஸ் 1500 வரிசை மெஷின்களில் ஆட்டோமேட்டிக் பகுதியின் இரண்டு சக்கரங்கள் சிவப்பாக இருக்கும். நகல்களில் சுழலியில் (கை அசைவில் சுற்றிச் சாவி கொடுக்கும் பாகத்தில்) மட்டும் பெயர் பொறித்துவிட்டு அடியில் ஈடிஏவோ அதன் சீன நகலோ வைத்திருப்பார்கள். சுழலியைப் பார்த்து ஏமாறாமல் அதன் அடியிலுள்ள பாலங்களின் (சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின்) வடிவத்தை அசல் படத்தோடு ஒப்பிடுங்கள். திருகுகளின் இடம், பேலன்ஸ் சக்கரத்தின் இடம், கற்களின் இடம் மாறாது.

ரோலெக்ஸின் துணைக் கம்பெனியான டியூடரை வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய டியூடர் டைவர்களில் ஈடிஏ மெஷின் இருப்பது குற்றமில்லை. 7016 மாடலில் ஈடிஏ 2483, 9411இல் ஈடிஏ 2784 கம்பெனியே வைத்தது. கீயிலும் பின்மூடியிலும் ரோலெக்ஸ் முத்திரை இருப்பதும் சரிதான். இதைத் தெரியாமல் நல்ல வாட்சைப் போலி என்று தள்ளியவர்கள் உண்டு.

நகல்தான் என்று தெரிந்தே வாங்குகிறேன். எந்த மெஷின் நல்லது?

முத்திரை பிரச்சினையை ஒதுக்கிவிட்டு மெஷினை மட்டும் பேசினால், பாகம் கிடைக்கிற மெஷின்தான் நல்ல மெஷின். என்ஹெச்35, மியோட்டா 8215, 9015, செலிட்டா எஸ்டபிள்யூ200, ஈடிஏ 2824-2 இவற்றில் எது கெட்டாலும் முழு மெஷினையே எடுத்து மாற்றிவிடலாம், எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கம். டிஜி2813 என்ற மலிவு சீன மெஷின் ஓடும்வரை ஓடும். ரிப்பேர் செய்யச் செலவிடுவதில் அர்த்தமில்லை. "சுவிஸ் ஈடிஏ" என்று சொல்லிச் சீன 2824 நகலைப் போடுவது மிகச் சாதாரணம். அந்த நகல்களிலும் நன்றாக ஓடுபவை இருக்கின்றன, குறை பொய்யில்தான்.

பழைய மெஷினின் தோற்றத்துக்காகச் சிலர் மெதுவாகத் துடிக்கும் ஈடிஏ 2846ஐத் தேடி வைக்கிறார்கள். 21,600 துடிப்பு, பார்வைக்கு 19,800க்கு நெருக்கம். அழகுதான், ஆனால் அது இப்போது தயாரிப்பில் இல்லாத மெஷின். உங்களுக்குக் கிடைப்பது யாரோ ஒருவரின் பழைய வாட்சிலிருந்து கழற்றியது.

டைமிங் கருவியில் வைத்தால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் கோணம்) முழுச் சாவியில் 270 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 220க்குக் கீழே என்றால் எண்ணெய் வறண்டிருக்கிறது அல்லது தூசி. நாளுக்கு எத்தனை நொடி முன்னே, பின்னே என்பதைச் சரிசெய்துவிடலாம். அதனால் அந்த எண்ணைவிட ஆம்ப்ளிட்யூட்டை நம்புங்கள்.

கேஸ், கீ, பட்டையின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

கீயைக் கொண்டு. திருகி மூடும் கீயும் அது போய் உட்காரும் குழாயும்தான் நகல்களில் முதலில் சாகும் இடம். பித்தளைக்கு முலாம் பூசிய கீயாக இருந்தால் மரை சீக்கிரம் தேய்ந்து, ஒரு நாள் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கீயை அவிழ்த்து மெதுவாகத் திருகுங்கள். முதல் சுற்றிலேயே மரை பிடித்து, கடைசியில் வாஷர் நசுங்குவது விரலுக்குத் தெரிய வேண்டும். கரகரவென்று உரசினால் விட்டுவிடுங்கள்.

பெசலை மேலும் கீழுமாக அழுத்திப் பார்த்தால் டக் டக் என்று ஆடக் கூடாது. பட்டையைப் பொறுத்தவரை பழைய மாடல்களில் மடித்த தகட்டுக் கண்ணிகளும் ரிவெட் அடித்த கண்ணிகளும்தான் இருந்தன. கலகலவென்று ஆடுவது அவற்றின் இயல்பு. கெட்டியான நவீனப் பட்டை போட்ட நகல் கையில் கனமாக, உயர்தரமாகத் தோன்றும், ஆனால் காலத்துக்குப் பொருந்தாது.

"904எல் ஸ்டீல்" என்று போட்டிருக்கிறார்களே?

ரோலெக்ஸ் 904எல்-ஐ (அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் ஸ்டீல் வகை) முதன்முதலில் எடுத்துக்கொண்டது 1985இல். அதற்கு முந்தைய மாடலின் நகலை 904எல் என்று விற்பது, விற்பவருக்கே சரக்கைப் பற்றித் தெரியாது என்பதைத்தான் காட்டுகிறது. வாட்சுகளில் வழக்கமான 316எல் ஸ்டீல் போதும், அசலும் அந்த வகை ஸ்டீல்தான். காந்தம் வைத்துப் பார்க்கும் சோதனையையும் மறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மெஷினே காந்தத்தை இழுக்கும்.

டயலில் 200 மீட்டர் என்று இருக்கிறது. நீந்தலாமா?

டயலில் எழுதியிருப்பது அச்சு மட்டுமே. இன்றைய டைவர் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் குறைந்தது 100 மீட்டரைக் கேட்கிறது, குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. நகல் எதுவும் இந்த வழியாக வருவதில்லை. ஒரிஜினலாகவே இருந்தாலும் ஐம்பது வருட வாஷர் கல்லாகியிருக்கும்.

மெக்கானிக்கிடம் காற்றழுத்தத்தில் உலர் சோதனை செய்யச் சொல்லுங்கள், தண்ணீரே படாமல் கசிவைக் காட்டிவிடும். நகலில் வாஷர்களைப் புதிதாக மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, சோதனையில் தேறினால் கைகழுவவும் மழைக்கும் தாங்கும். அதற்கு மேல் நான் போகமாட்டேன். ஒரிஜினல் டயல் உள்ள பழைய வாட்சோடு தண்ணீரில் இறங்குவது வீம்பு. ஈரம் ஒருமுறை உள்ளே போனால் டயல் போச்சு.

சீகோ பழைய டைவர்களுக்கும் இதே விதிதானா?

சீகோவில் முழுப் போலி குறைவு, மாற்றுப் பாகம் மிக அதிகம். 1976 முதல் 1988 வரை வந்த 6309 டைவருக்கு டயல், முள், இன்செர்ட், கண்ணாடி, கேஸ் எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

எளிய சோதனை ஒன்று: 6309 மெஷினுக்குக் கீயால் சாவி கொடுக்க முடியாது, கீயை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. சாவியும் ஏறி, முள்ளும் நின்றால் உள்ளே என்ஹெச்35 போன்ற புது மெஷின். பின்மூடியில் தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம் (அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி). டயலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அது மெஷின் எண்ணோடு தொடங்க வேண்டும். பழைய 6105 வாங்கினால் "வாட்டர் ப்ரூஃப்", "வாட்டர் ரெசிஸ்ட்" என்ற வாசகத்தைக் கவனியுங்கள். 1970ஐ ஒட்டி முதலாவது போய் இரண்டாவது வந்தது. டயலில் ஒன்று, பின்மூடியில் இன்னொன்று என்றால் மாற்றக் காலத்தில் வந்ததாகவும் இருக்கலாம், இரண்டு வாட்சிலிருந்து சேர்த்ததாகவும் இருக்கலாம். தொடர் எண்ணைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டி, பேப்பர், ஏல நிறுவனத்தின் பெயர் இருந்தால் நம்பலாமா?

பெட்டியும் பேப்பரும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. ரோலெக்ஸ் பழைய வாட்சுகளுக்குப் பதிவேட்டிலிருந்து சான்று கொடுப்பதில்லை.

பெரிய பெயர்களும் ஏமாந்திருக்கின்றன. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023இல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்றும் ஒமேகாவே அறிவித்தது. அது டைவர் வாட்ச் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்: செய்த கம்பெனியே தன் வாட்சை வாங்கி ஏமாந்திருக்கிறது.

படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியுமா?

நிராகரிக்க முடியும், ஏற்க முடியாது. நேர்ப்படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் டயல், கொம்புகளுக்கு நடுவில் உள்ள எண், திறந்த மெஷின், பின்மூடியின் உட்புறம், புற ஊதா வெளிச்சத்தில் ஒரு சிறு வீடியோ ஆகியவற்றைக் கேளுங்கள். "வாட்ச் லாக்கரில் இருக்கிறது", "மெக்கானிக் ஊரில் இல்லை" என்று இழுத்தால் விடை கிடைத்துவிட்டது.

சர்வீஸில் மாற்றிய கம்பெனி பாகம் இருந்தால் மதிப்பு போய்விடுமா?

குறையும். ஆனால் அது போலியாகாது. கம்பெனியே 1990களில் டயலை மாற்றிக் கொடுத்திருந்தால் அது நேர்மையான வாட்ச், விலையில் மட்டும் அது தெரிய வேண்டும். தினமும் கட்டுவதற்கு நான் சர்வீஸ் டயலையே விரும்புவேன், உடைந்தாலும் மனசு ஆறும். ஒமேகா சீமாஸ்டர் 300இல் ஒரு தனி வகையே உண்டு: கம்பெனி விற்ற சர்வீஸ் கேஸ், டயல், முட்களை வாங்கி, வேறு மாடல்களில் இருந்த 1960களின் 565 போன்ற மெஷினைப் போட்டுக் கட்டியவை. பாகங்கள் அசல், வாட்ச் 1960களில் இருந்ததே இல்லை. அப்படியே சொல்லி விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழைய ரேடியம் டயல் ஆபத்தா?

மூடிய வாட்சைக் கட்டிக்கொள்வதைவிட, திறந்து சுரண்டுவதுதான் ஆபத்து. ரேடியம்-226இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளிர்வது நின்றுவிட்டாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. உதிர்ந்த பொடி மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. நூறு ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் தூரிகையை உதட்டால் கூராக்கி டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள் அதனாலேயே நோயுற்று இறந்தார்கள். படுக்கைக்கு அருகில் வைக்காதீர்கள், நீங்களே லூமைச் சுரண்டாதீர்கள். கெய்கர் கருவி இருந்தால் அதுவே ஒரு சோதனையும்கூட: ரேடியம் என்று சொல்லப்படும் டயலுக்கு அது சத்தம் போட வேண்டும். டிரிட்டியத்தின் கதிர் மிக பலவீனமானது, கண்ணாடியைத் தாண்டி வராது.

ஒரிஜினல் வாட்சில் ஒரு நகல் பாகத்தைப் போடலாமா?

இன்செர்ட், கண்ணாடி, பட்டை போன்றவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள். டயலிலும் லூமிலும் கை வைக்காதீர்கள். மாற்று லூம் பூசிய டயலைப் பழைய நிலைக்கு யாராலும் கொண்டுவர முடியாது. கீயும் குழாயும் மாற்றும்போது மலிவு நகல் மரை, கேஸில் உள்ள அசல் மரையையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

நகலை வைத்திருப்பது, விற்பது சட்டப்படி சரியா?

பிறர் முத்திரையோடு விற்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம், சுங்கத்தில் பிடித்தால் திரும்பக் கிடைக்காது. முத்திரை போட்ட தனிப் பாகத்துக்கும் இது பொருந்தும். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் வடிவம் மட்டும் பிடித்திருக்கிறது என்றால் சொந்தப் பெயர் போட்ட ஹோமாஜ் வாங்குங்கள். அதே மெஷின், பல நேரம் இதைவிட நல்ல கேஸ், எந்த வம்பும் இல்லை.

என்னிடம் உள்ள கலவை வாட்சை விற்க வேண்டும். என்ன சொல்லி விற்பது?

பாகம் பாகமாக எழுதி விற்பதுதான் முறை: "கேஸ் நகல், டயல் மறு அச்சு, மெஷின் ஈடிஏ 2824-2, முட்கள் மாற்று, வாஷர்கள் புதியவை, அழுத்தச் சோதனை செய்யவில்லை." கம்பெனி முத்திரை உள்ள நகல் பாகம் இருந்தால் வாட்சாக விற்காமல், அதைக் கழற்றிவிட்டு மெஷினையும் முத்திரையில்லாத பாகங்களையும் தனித்தனியாகக் கொடுங்கள். எழுதிய பட்டியலை ஒரு சீட்டாக வாட்சோடு சேர்த்தே அனுப்புங்கள், அடுத்த கைக்கு மாறும்போது அதுவும் கூடவே போகட்டும்.